கண் இமைக்கும் நேரமா? அது ரொம்ப அதிகம்!

'லேசர்ல பண்ணிடலாம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒளி எப்படித் துடிக்கிறது தெரியுமா?

அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வீட்டில் மாநாடு கூடுகிறது. "லேசர்ல பண்ணிடலாம் அத்தே, கத்தியே படாது" என்கிறார் மாப்பிள்ளை. "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு லேசர்லதான் பண்ணாங்க. மறுநாளே பேப்பர் படிச்சார்" என்கிறார் சித்தப்பா. ஆஸ்பத்திரியில் விசாரித்தால் இரண்டு மூன்று 'பேக்கேஜ்' போட்ட அட்டையை நீட்டுகிறார்கள். எதில் 'லேசர்' என்று எழுதியிருக்கிறதோ, அதற்குத்தான் விலை ஜாஸ்தி!

அடுத்த வீட்டில் சிறுநீரகக் கல். "லேசர்ல பொடிப்பொடியா ஆக்கிடுவாங்க." எதிர் வீட்டுப் பெண் காலேஜ் படிக்கும்போது ஆசையாகக் குத்திக்கொண்ட டாட்டூ இப்போது கல்யாணத்துக்கு இடைஞ்சல். "லேசர்ல எடுத்துடலாம்டி!"

மூன்று வீட்டிலும் ஒரே வார்த்தைதான். ஆனால் மூன்றும் ஒரே லேசரா? கிடையவே கிடையாது. 'மாத்திரை சாப்பிட்டேன்' என்று சொன்னால் என்ன மாத்திரை என்று கேட்போம் இல்லையா? அதுபோல லேசரிலும் கேட்கவேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, அந்த ஒளியின் நிறம். இன்னொன்று, அது தொடர்ந்து எரிகிறதா, விட்டு விட்டுத் துடிக்கிறதா, துடித்தால் ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் என்பது. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் கடந்த முப்பது நாற்பது வருடங்களில் பெரிய பெரிய அதிசயங்கள் நடந்திருக்கின்றன. வாருங்கள், கொஞ்சம் உள்ளே புகுந்து பார்ப்போம். பயப்படாதீர்கள், கணக்கு கிடையாது. கொஞ்சம் கற்பனை போதும்.

சூடான தோசைக்கல்

அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் தோசைக்கல்லை நுனி விரலால் சட்டென்று தொட்டு எடுத்துவிட்டால் ஒன்றும் ஆவதில்லை. அதே விரலை இரண்டு விநாடி வைத்துப் பாருங்கள்! (வேண்டாம், பார்க்காதீர்கள்!) கொப்புளம் நிச்சயம். கல்லின் சூடு இரண்டு தடவையும் ஒன்றுதான். தொட்ட நேரம்தான் வேறு. சூடு உள்ளே பரவ நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் பக்கத்துச் சதை தப்பித்தது.

மருத்துவ லேசரின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதை ஒரு விதியாகவே சொல்லிவிட்டார்கள். எந்தப் பொருளை அழிக்கவேண்டுமோ, அதன் சூடு பக்கத்தில் பரவுவதற்குள் ஒளித் துடிப்பு முடிந்துவிட வேண்டும். பொருள் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு சீக்கிரம் அது ஆறிவிடும். ஆகவே துடிப்பும் அவ்வளவு குட்டையாக இருக்கவேண்டும். டாட்டூ மை என்பது தோலுக்கு அடியில் கிடக்கும் மிக மிகச் சின்னத் துகள்கள். அதற்கு 'நானோ விநாடி' துடிப்பு வேண்டும். அதாவது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. இன்னும் நல்லது 'பிக்கோ விநாடி'. அது ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு.

கண்ணின் கருவிழி மாதிரி நுணுக்கமான இடம் என்றால்? அங்கே 'ஃபெம்டோ விநாடி' லேசர். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ விநாடி. தலை சுற்றுகிறதா? இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு விநாடிக்கு முன்னால் ஒரு ஃபெம்டோ விநாடி எவ்வளவு சின்னதோ, மூன்று கோடி வருடங்களுக்கு முன்னால் ஒரு விநாடி அவ்வளவு சின்னது! ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 100 ஃபெம்டோ விநாடியில் ஒரு தலைமுடியின் கனத்தைக்கூடத் தாண்டாது. நாம் கண் இமைக்கும் நேரமெல்லாம் இதற்கு முன்னால் ஒரு யுகம்.

உண்டியல் உடைகிற மாதிரி

துடிப்பைக் குட்டையாக்கினால் இன்னொரு லாபமும் இருக்கிறது. தினம் ஒரு ரூபாய் என்று உண்டியலில் போட்டு, வருஷக் கடைசியில் உடைத்தால் கை நிறையப் பணம். சேர்த்தது என்னவோ சில்லறைதான். ஒரே நேரத்தில் வெளியே வந்ததால் மொத்தமாகத் தெரிகிறது.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேனே. (கணக்கு கிடையாது என்று சொன்னதை மன்னிக்கவும்!) ஒரு லேசர் சராசரியாக வெறும் 1 வாட் ஒளிதான் தருகிறது. ஒரு சின்ன நைட் லாம்ப் அளவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒளியை விநாடிக்கு 4 கோடி துடிப்புகளாக, ஒவ்வொன்றும் 100 ஃபெம்டோ விநாடி மட்டுமே நீடிக்கும்படி சேர்த்துக் கட்டினால், ஒவ்வொரு துடிப்பின் உச்சத்திலும் இரண்டரை லட்சம் வாட்! அந்த ஒரு கணத்தில் இரண்டு, மூன்று தெருக்களின் மின்சாரமே ஒரு புள்ளியில் வந்து குத்துகிற மாதிரி. ஆனால் அடுத்த கணமே ஒன்றும் இல்லை. ஆகவே சூடு பரவ வழியே கிடையாது. இன்னும் பலமான துடிப்பாகப் பெருக்கிக் கண்ணுக்குள் குவித்தால், குவியும் இடத்தில் மட்டும் திசு நொடியில் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி உண்டாகிறது. இப்படிக் குமிழி பக்கத்தில் குமிழியாக வரிசை வைத்தால், கத்தியே இல்லாமல் ஒரு வெட்டு!

கதவை யார் திறப்பது?

சரி, இவ்வளவு குட்டித் துடிப்பை எப்படி உண்டாக்குவது? லேசர் முன்னால் ஒரு ஷட்டரை வைத்துத் திறந்து மூடினால் போதாதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் கேமரா ஷட்டர் விநாடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குமேல் வேகம் பிடிக்காது. மின்சாரத்தில் இயங்கும் கதவுகள் கூட ஃபெம்டோ விநாடிக்கு முன்னால் ஆமைதான். தவிர, கதவை மூடி வைத்தால் மூடிய நேரத்து ஒளியெல்லாம் வீண். உண்டியலில் காசு சேராதே!

அப்படியானால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஒளியேதான்! தனக்கு வேண்டிய கதவைத் தானே திறந்துகொண்டு போகும்படி ஒளியைப் பழக்கிவிட வேண்டும். அதற்குத்தான் 'சாச்சுரபிள் அப்சார்பர்' என்ற ஒரு விசேஷப் பொருளை விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். தமிழில் 'தெவிட்டும் உறிஞ்சி' என்று வைத்துக்கொள்வோமே. பேர் பொருத்தம்தான், பாருங்கள்.

கல்யாண மண்டப வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நின்று சந்தனம், கல்கண்டு கொடுத்து வருகிறவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். விருந்தாளிகள் ஒருவர் ஒருவராக வந்தால் எல்லோரும் வாசலிலேயே பிடிபட்டுவிடுவார்கள். உள்ளே யாரும் நுழைய முடியாது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினால்? நாலு பேர் கையும் நிரம்பிவிடுகிறது. மீதிக் கூட்டம் 'தடதட'வென்று உள்ளே போய்விடுகிறது!

தெவிட்டும் உறிஞ்சியும் இதையேதான் செய்கிறது. அதிலுள்ள எலெக்ட்ரான்கள்தான் வாசலில் நிற்கும் அந்த நாலு பேர். மங்கலான ஒளி வந்தால் முழுங்கிவிடும். பலமான ஒளி வந்தால், 'போதும் போதும், வயிறு நிறைஞ்சுடுச்சு' என்று தெவிட்டிப் போய் வழி விட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் கை காலியானதும் மறுபடி வாசலில் தயார். எவ்வளவு சீக்கிரம் கை காலியாகிறதோ, அவ்வளவு நல்ல காவல்காரன்.

சுற்றிச் சுற்றி வந்து...

இப்போது இந்தக் காவல்காரனை ஒரு கண்ணாடி நாருக்குள் நிறுத்துவோம். டெலிபோனுக்கும் கேபிளுக்கும் போடுகிறார்களே, அதே ஆப்டிகல் ஃபைபர்தான். மொத்தக் கனமே தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒளி ஓடும் நடு வழி இன்னும் சன்னம். இந்தக் கண்ணாடியில் கொஞ்சம் அபூர்வ உலோகத்தைக் கலந்துவிடுகிறார்கள். இட்டெர்பியம் கலந்தால் 1 மைக்ரானை ஒட்டிய ஒளி, எர்பியம் கலந்தால் ஒன்றரை மைக்ரான் ஒளி, தூலியம் கலந்தால் 2 மைக்ரானை ஒட்டிய ஒளி. மூன்றுமே நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒரு சின்ன டயோடு லேசரின் ஒளியை ஊட்டினால், அதைச் சாப்பிட்டு இந்த நார் தன் சொந்த நிறத்தில் ஒளியைப் பெருக்கும். 1961-லேயே எலியாஸ் ஸ்னிட்சர் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ணாடியிலிருந்து லேசர் ஒளி எடுத்துக் காட்டிவிட்டார். 1987-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவினர் எர்பியம் நாரில் ஒளியைப் பெருக்கிக் காட்டியதும், இந்தத் துறையே சூடு பிடித்துவிட்டது.

நாரை ஒரு வளையமாக இணைத்து நடுவில் காவல்காரனையும் வைத்தாயிற்று. ஒளி உள்ளே சுற்ற ஆரம்பிக்கிறது. முதலில் இரைச்சல்தான். இங்கே கொஞ்சம் மேடு, அங்கே கொஞ்சம் பள்ளம். ஒவ்வொரு சுற்றிலும் காவல்காரன் பள்ளங்களை முழுங்குகிறான், மேட்டை விட்டுவிடுகிறான். நார் மேட்டை இன்னும் வளர்க்கிறது. வளர்ந்த மேடு அடுத்த சுற்றில் இன்னும் சுலபமாகத் தப்பிக்கிறது. பள்ளிக்கூட மியூசிகல் சேர் போட்டி மாதிரி சுற்றுக்குச் சுற்று மற்றவர்கள் வெளியேற, கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கூர்மையான துடிப்பு. அதுதான் வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வளையம் 5 மீட்டர் நீளம் என்றால் விநாடிக்கு 4 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் ஒளியை வெளியே விட்டால், டாண் டாண் என்று 4 கோடி துடிப்பு நமக்கு!

இதை 'மோட் லாக்கிங்' என்கிறார்கள். சபையில் எல்லோரும் கண்டபடி கைதட்டினால் ஒரே இரைச்சல். அதே ஜனங்கள் தாளத்துக்குச் சேர்ந்து தட்டினால் 'பட்... பட்...' என்று கூர்மையாகக் கேட்கும், இடையில் நிசப்தம். ஒளியின் அலைகளும் அப்படித் தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. குக்கர் விசில் வழி! வெளியேறும் வழியை அடைத்து ஆவியைச் சேர்த்து வைத்து, அழுத்தம் மிஞ்சியதும் 'புஸ்' என்று விடுவது. அதற்குப் பேர் 'க்யூ ஸ்விட்சிங்'. இதில் வருவது நானோ விநாடி, மைக்ரோ விநாடி அளவு துடிப்பு. கூர்மை கம்மி, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் சக்தி ஜாஸ்தி. தெவிட்டும் உறிஞ்சி இந்த வேலையையும் செய்யும்.

காவல்காரனைத் தேடி...

எல்லாம் சரி. அந்தக் காவல்காரனை எந்தப் பொருளில் செய்வது? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

அறுபதுகளில் சாயத் தண்ணீரை வைத்துச் சமாளித்தார்கள். நாளாக ஆக சாயம் வெளுத்துப் போகும். 1992-ல் உர்சுலா கெல்லர் என்ற ஸ்விட்சர்லாந்துப் பெண் விஞ்ஞானி, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, குறைகடத்தியை அடுக்கடுக்காக வளர்த்து ஒரு கண்ணாடி மாதிரியே செய்துவிட்டார். ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியும் அதுவே, காவல்காரனும் அதுவே! 'செசாம்' என்று இதற்குப் பேர். உறுதியானது, நம்பகமானது. இன்றைக்கும் கடைக்கு வரும் அதிவேக லேசர்கள் பலவற்றில் இதுதான் உட்கார்ந்திருக்கிறது. குறை என்னவென்றால், செய்வதற்குப் பெரிய மெஷின் வேண்டும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு நிற வட்டாரத்துக்குத்தான் ஒத்துவரும். நிறம் மாறினால் புதிதாகத்தான் செய்யவேண்டும்.

'இன்னும் சுலபமாக, மலிவாகக் கிடைக்காதா?' என்று தேடினார்கள். 2003-வாக்கில் ஜப்பானில் ஆராய்ச்சி செய்த செட் என்பவரும் குழுவினரும் கார்பன் நானோ குழாய்களை எடுத்தார்கள். கரியால் ஆன, கண்ணுக்கே தெரியாத மெல்லிய குழல்கள். கரைசலாக்கி நாரின் நுனியில் ஒட்டிவிட்டால் காவல்காரன் தயார்! குழலின் குறுக்களவைப் பொறுத்து அது எந்த நிறத்துக்கு வேலை செய்யும் என்பது மாறும். அதனால் பல அளவுக் குழல்களைக் கலந்து போட்டார்கள். பலகாரக் கடை மிக்ஸர் மாதிரி!

அடுத்து வந்தது கிராஃபீன். பென்சில் முனையில் இருக்கிறதே கிராஃபைட், அதில் ஒரே ஒரு அணு கனத்துக்கு உரித்த தாள். 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டு டேப்பால் இதை உரித்துக் காட்டினார்கள், 2010-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஒரு அடுக்கு கிராஃபீன், வருகிற ஒளியில் சுமார் 2.3 சதவீதத்தை முழுங்கும். வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து அகச்சிவப்பு வரை பெரும்பாலும் எந்த நிறமானாலும் அதே கணக்குதான்! முழுங்கியதும் மறுபடி தயாராவதிலும் படு வேகம். 2009-ல் சிங்கப்பூரிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த குழுக்கள் இதை ஃபைபர் லேசரில் வைத்துத் துடிப்பை எடுத்தன. இட்டெர்பியமோ, எர்பியமோ, தூலியமோ, எந்த நாரானாலும் ஒரே காவல்காரன் போதும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அப்புறம் கேட்கவேண்டுமா? வரிசையாக ஆள் வந்துகொண்டே இருந்தது. 2012-ல் பிஸ்மத் டெலுரைடு, 2014-ல் மாலிப்டினம் டைசல்ஃபைடு, 2015-ல் கருப்பு பாஸ்பரஸ். பிறகு 'மேக்ஸீன்' என்ற உலோகக் கார்பைடு தாள்கள், தங்க நானோ குச்சிகள்... பெரும்பாலானவை அணு அணுவாக மெலிந்த பொருள்கள். நாரின் முனையில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து, இன்னொரு நாரோடு சேர்த்துத் திருகினால் தீர்ந்தது. இல்லாவிட்டால், நாரின் ஒரு பக்கத்தைத் தேய்த்தோ, சூடாக்கி இழுத்து மெலிதாக்கியோ, பக்கவாட்டில் பூசுவார்கள். ஒளி நேராகக் குத்தாமல் உரசிக்கொண்டு போவதால் பொருள் கருகாது.

கருகாது என்றேனே, அதுதான் இங்கே உயிர்நாடி. உச்சத்தில் லட்சக்கணக்கான வாட் குத்தும் இடத்தில் நாள்பட நிற்கவேண்டுமே! கருப்பு பாஸ்பரஸ் வேலையில் கெட்டிக்காரன், ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுப்போகும். உறை போட்டுக் காப்பாற்றவேண்டும். ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் துடித்துக் காட்டுவது வேறு, ஆஸ்பத்திரியில் பல வருஷம் தினமும் பிசகாமல் துடிப்பது வேறு. அதனால்தான் இத்தனை புதுப் பொருள்கள் வந்தும் மெஷின் தயாரிப்பவர்கள் இன்னும் செசாமையும், நாரின் சுபாவத்தையே காவல்காரனாக்கும் வேறு சில உத்திகளையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே 'புதுப் பொருள் கண்டுபிடிப்பு, இனி லேசர் மலிவாகும்' என்று பேப்பரில் படித்தால் சந்தோஷப்படுங்கள். அவசரப்படாதீர்கள்.

ஒரு விபத்து தந்த வரம்

இந்தத் துடிப்பு கண் ஆஸ்பத்திரிக்கு வந்த கதை தனிக் கதை. குட்டித் துடிப்பை அப்படியே பெருக்கினால் பெருக்கும் பொருளே உடைந்துவிடும். 1985-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு மூரூவும் அவரது மாணவி டோனா ஸ்டிரிக்லண்டும் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். துடிப்பை முதலில் இழுத்து நீட்டு, பிறகு பெருக்கு, கடைசியில் மறுபடி சுருக்கு. அவ்வளவுதான்! 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூரூவின் ஆய்வகத்தில் ஒரு மாணவர் கண்ணில் தவறுதலாக லேசர் பட்டுவிட்டது. பதறிப்போய்க் கண் டாக்டரிடம் ஓடினார்கள். பரிசோதித்த இளம் டாக்டர் ரான் குர்ட்ஸ் ஆச்சரியப்பட்டுப் போனார். காயம் அவ்வளவு சின்னது, அவ்வளவு கச்சிதம்! 'இது என்ன லேசர்?' என்று விசாரிக்கப் போய், இரண்டு பேரும் சேர்ந்து உழைத்து, கண்ணாடியைக் கழற்றும் 'லாசிக்' சிகிச்சையில் கருவிழி மேல் மெல்லிய மூடி வெட்டுவதற்கு பிளேடுக்குப் பதில் ஃபெம்டோ லேசர் வந்துவிட்டது. இந்த வகை மெஷின்கள் சிலவற்றின் உள்ளே துடிப்பைப் பிறப்பிப்பது ஒரு ஃபைபர்தான்.

கண்ணோடு முடிந்ததா? இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் இருக்கிறதே, முடி மாதிரி உலோக வலை, அதை மெல்லிய குழாயிலிருந்து நறுக்கி எடுப்பதற்கும் துடிக்கும் லேசர்தான். உங்கள் பீரோவில் இருக்கும் தங்க நகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். 2021-லிருந்து ஹால்மார்க்கோடு வரும் அந்த 6 எழுத்து-எண் அடையாளம் லேசரால் பொறித்தது. ஃபைபர் லேசர்கள் இந்த வேலையில் கைதேர்ந்தவை.

அம்மாவின் கண்ணுக்கு வருவோம்

இப்போது நீங்கள் விஷயம் தெரிந்தவர். ஆகவே மாநாட்டில் தைரியமாகப் பேசலாம்.

முதல் விஷயம், புரைக்கு இன்று பரவலாகச் செய்யப்படும் 'ஃபேக்கோ' ஆபரேஷன் லேசரே அல்ல! அது 1967-ல் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த அல்ட்ராசவுண்ட் முறை. ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது. சித்தப்பா சொன்ன ஆபீஸ் நண்பருக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஜனங்கள் பேச்சில் அதுவும் 'லேசர்' ஆகிவிட்டது.

நிஜமான ஃபெம்டோ லேசர் புரை ஆபரேஷனும் உண்டு. 2008-ல் ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரில் டாக்டர் ஸோல்டன் நாகி முதலில் செய்தார். அதிலும் லேசர் செய்வது சில வெட்டுகளும் புரையைத் துண்டாக்குவதும்தான். மீதியை உறிஞ்சி எடுத்து லென்ஸ் வைப்பது வழக்கமான முறைதான். வெட்டு அழகாக விழுகிறது, சந்தேகமில்லை. ஆனால் பார்வை? பிரான்சில் பல ஆஸ்பத்திரிகளில் நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், சாதாரண ஃபேக்கோவைவிட இது மேல் என்று நிரூபணமாகவில்லை, செலவுதான் அதிகம். அந்த ஆண்டு வெளியான இங்கிலாந்து ஆய்விலும் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஆகவே 'லேசர் பேக்கேஜ் எடுக்க முடியலையே' என்று எந்த மகனும் மகளும் குற்ற உணர்ச்சிப்பட வேண்டியதே இல்லை. அனுபவமுள்ள டாக்டர் கை, சுத்தமான தியேட்டர், பொருத்தமான லென்ஸ், இவைதான் முக்கியம்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்து சில மாதமோ, சில வருஷமோ கழித்து, 'மறுபடி மங்கலா தெரியுதே' என்று அம்மா சொன்னால் பதறாதீர்கள். லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு சிலருக்கு மங்கிவிடும். அதில் ஒரு ஜன்னல் திறக்க, நானோ விநாடித் துடிப்புள்ள 'யாக்' லேசர் இருக்கிறது. உட்கார்ந்தபடியே சில நிமிஷம், வெட்டு கிடையாது. இது உண்மையிலேயே லேசர் வேலை! ஆனால் அதற்குப் பிறகு திடீரென்று பளிச் பளிச் என்று மின்னலோ, நிறையக் கரும்புள்ளிகளோ, திரை விழுந்த மாதிரியோ தெரிந்தால், அன்றே டாக்டரிடம் ஓடவேண்டும்.

கல்லுக்கும் தோலுக்கும்

சிறுநீரகக் கல்லுக்குத் தொண்ணூறுகளிலிருந்து ஹோல்மியம் லேசர் இருக்கிறது. இப்போது தூலியம் ஃபைபர் லேசரும் வந்திருக்கிறது. இதன் 1.94 மைக்ரான் ஒளியைத் தண்ணீர் ஹோல்மியம் ஒளியைவிட நாலு மடங்குக்கு மேல் உறிஞ்சும். அதனால் கல் மிருதுவான பொடியாகிறது, பின்னால் தள்ளிக்கொண்டு ஓடுவதும் கம்மி. இதில் தெவிட்டும் உறிஞ்சி கிடையாது. ஊட்டும் டயோடுகளை நிறுத்தி நிறுத்திப் போட்டே துடிப்பு எடுக்கிறார்கள். கல்லுக்கு ஃபெம்டோ விநாடி தேவையில்லையே! நார்வேயில் நடந்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் தூலியம் நன்றாகவே ஜெயித்தது. நவீன ஹோல்மியத்தோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனவே உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பழைய ஹோல்மியம்தான் இருக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கல் எடுத்த பிறகு தண்ணீர் குடிக்க மறந்தால்தான் கவலை!

தோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். நம் மாநிறத் தோலில் உள்ள மெலனின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். தவறான நிறம், தவறான துடிப்பு என்றால் டாட்டூ போவதற்குப் பதில் தழும்பும் கருமையும் மிஞ்சும். 1.06 மைக்ரான் ஒளி போல நீண்ட அலைகளை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால், அவை நமக்கு ஓரளவு பத்திரம். பியூட்டி பார்லரில் 'ஆஃபர்' போட்டிருக்கிறார்கள் என்பதற்காகப் போகாதீர்கள். தோல் டாக்டரிடம் போங்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்

1. எனக்குச் செய்யப்போவது நிஜமாகவே லேசரா, அல்ட்ராசவுண்டா?
2. என்ன லேசர்? துடிப்பு நானோவா, பிக்கோவா, ஃபெம்டோவா? என் பிரச்சினைக்கு ஏன் அது?
3. லேசர் இல்லாத முறையில் செய்தால் எனக்கு என்ன நஷ்டம்?
4. மெஷினை இயக்கப்போவது யார்? எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்?
5. என் கண்ணுக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணுக்கும் பாதுகாப்பு என்ன?

கடைசிக் கேள்வியை வீட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் கையில் திருவிழாக் கடை லேசர் பேனா இருக்கிறதா? அதை ஒருவர் முகத்தில் அடிப்பது விளையாட்டு அல்ல. பச்சை ஒளிப் பேனாக்கள் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. விழித்திரை வெந்துபோனால் அதைத் திருப்பித் தர எந்த ஃபெம்டோ விநாடியாலும் முடியாது. இன்றைக்கே வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

அப்புறம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கத்தியா லேசரான்னு அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல நல்ல டாக்டரைப் பார்ப்போம், வா" என்று கூட்டிக்கொண்டு போங்கள். புரையைத் தள்ளிப் போடாமல் இருப்பதுதான் எல்லா லேசரையும்விடப் பெரிய வைத்தியம்!